வயரை மாற்றியதும் மடங்கிய சப்ளை: கல்லடியில் செய்த 30 அம்பியர் கரண்ட் லிமிட்டர்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்களுக்குச் சத்தமில்லாத வள்ளம் வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்த வள்ளத்தில் போய், எஞ்சினை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் பிடியில் காதை வைத்தால் அந்த ஒலி கேட்கும் என்பார்கள். ஆனால் எஞ்சின் ஓய்ந்து வாவி அமைதியாவதற்கே கொஞ்ச நேரம் எடுக்கும். அதனால் கல்லடியில் இரண்டு சிறு வள்ளம் வைத்து ஆட்களை ஏற்றும் அண்ணன் ஒருவர் 12 வோல்ட் மின் மோட்டாருக்கு மாறினார். வள்ளத்துக்கு ஒன்றாக 100 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி. இரும்பு பொஸ்பேற்று வகை, உள்ளே நாலு செல்லும், அவற்றைக் காக்க வேண்டிய நேரத்தில் பற்றரியை வெட்டிவிடும் ஒரு பிஎம்எஸ் பலகையும் இருக்கும். பகலில் கரையில் உள்ள கொட்டிலில் சார்ஜ் ஏற்றி இரவில் தொழிலுக்குப் போவார்.

சார்ஜருக்குப் பதிலாக அவர் வைத்திருந்தது மெயின் மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டாக்கித் தரும், பாவித்த ஒரு எஸ்எம்பிஎஸ் பெட்டி. 15 வோல்ட், 65 அம்பியர் என்று அதில் எழுதியிருந்தது. அதை 14.4 வோல்ட்டுக்கு இறக்கி வைத்திருந்தார். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்ற கணக்கில் அது சரியான அளவு. ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய அந்த ஏற்பாடு ஒரு நாள் மடங்கிப் போனது. பற்றரியைக் கொளுவியதும் பெட்டி 'டிக்' என்று நிற்கும், ஒரு விநாடியில் எழும்பும், மறுபடி நிற்கும்.

"பழைய வயரோட ஒழுங்கா ஏறினது தம்பி. தடிச்ச வயர் போட்ட மறுகாதான் இந்தப் பாடு" என்றார்.

அந்த ஒரு வசனத்திலேயே முழுக் கோளாறும் இருந்தது. பெட்டியைத் திறக்கிறதுக்கு முன் கழற்றிப் போட்ட பழைய வயரைக் கொண்டுவரச் சொன்னேன். 2.5 சதுர மில்லிமீற்றர், போக வர 8 மீற்றர். உறை பல இடத்தில் மஞ்சளாகி நொறுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்துப் பயந்துதான் அவர் 16 சதுர மில்லிமீற்றர் வயர் வாங்கிப் போட்டிருக்கிறார். அவர் செய்தது முழுக்கச் சரியான வேலை.

செம்பின் தடையை வைத்துக் கணக்குப் போட்டால் பழைய வயர் 55 மில்லிஓம். பற்றரியின் உள்தடையும் மூட்டுகளும் சேர்த்து 15 மில்லிஓம் அளந்தேன். ஆக 70. ஓய்வில் 13 வோல்ட் காட்டும் பற்றரிக்கும் 14.4 வோல்ட் சப்ளைக்கும் இடையில் இருப்பது 1.4 வோல்ட். அதை 70 மில்லிஓமால் வகுத்தால் 20 அம்பியர். இரண்டு பற்றரிக்கும் 40. பெட்டிக்கு அது சுகமான பாரம். புது வயர் வெறும் 8.6 மில்லிஓம். மொத்தம் 24 என்று வைத்தால் அதே பற்றரி 58 அம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்து 117. பெட்டி என்ன செய்யும், பாவம்.

ஆறு மாதமும் கரண்டை மட்டுப்படுத்தியது அந்தப் பழைய வயர்தான். யாரும் அதை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அது பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. நன்றாக இறங்கிய பற்றரி ஒன்று 12 வோல்ட்டில் வந்த நாளில் 34 அம்பியர் ஓடி, அந்த வயருக்குள் 64 வாட் சூடு இருந்திருக்கும். ஓலைக் கொட்டிலில், ஒரு மூலையில் சுருட்டிப் போட்ட வயர். தீப்பிடிக்காமல் போனதை நினைத்து இப்போதும் மனம் பதறுகிறது.

தடை ஒன்று போட்டால் போதாதா

அண்ணன் கேட்டது இதைத்தான், நியாயமான கேள்வியும்கூட. வயருக்குப் பதில் ஒரு பெரிய தடை. 13 வோல்ட் பற்றரிக்கு 30 அம்பியர் வேண்டுமென்றால் மொத்தத் தடை 47 மில்லிஓம். ஆனால் பிஎம்எஸ் வெட்டும் 10 வோல்ட் வரை இறங்கிய பற்றரி வந்தால் அதே தடையில் 94 அம்பியர் பாயும், பெட்டி திரும்ப மடங்கும். அதற்குப் பயந்து தடையைக் கூட்டினால் பற்றரி 13 வோல்ட்டைத் தொட்டபின் 14 அம்பியர்கூட வராது, பின்னேரத்துக்குள் ஏறி முடியாது. சப்ளைக்கும் பற்றரிக்கும் இடையிலான வித்தியாசம் 1.4 இலிருந்து 4.4 வரை ஆடுகிறபோது, நிலையான தடையால் நிலையான கரண்ட் தர ஏலாது.

கரண்டை வேகமாக வெட்டி வெட்டி விட்டு வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வேர்ட்டர் ஒன்று போடலாமே என்று கடைக்கு வந்த ஒரு பொறியியல் மாணவர் சொன்னார். நானும் யோசித்தேன். 30 அம்பியர் தாங்கும் சுருள், கரண்டுக்கு வாசல் போல வேகமாகத் திறந்து மூடும் மொஸ்ஃபெட் என்ற ட்ரான்சிஸ்டர், அதற்கேற்ற பலகை என்று செலவு ஏறும். ஏறின செலவுக்கு என்ன மிச்சம் பிடிப்போம்? 14.4 வோல்ட்டை 13.2 ஆக இறக்கும்போது நேரடி வழியிலேயே, அதாவது மொஸ்ஃபெட்டைப் பாதி திறந்து வைத்து மிச்ச வோல்ட்டைச் சூடாக விடும் வழியிலேயே, 92 சதவீதம் பற்றரிக்குப் போய்விடுகிறது. உப்புக் காற்றில் நின்று பிடிக்க வேண்டிய ஒரு சாமானில் அந்த மீதி நாலைந்து சதவீதத்துக்காகச் சிக்கலைக் கூட்ட எனக்கு மனமில்லை. வித்தியாசம் சிறிதாக இருக்கும் இடத்தில் நேரடி லிமிட்டர் வெட்கப்பட வேண்டிய சாமான் இல்லை. 24 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் பற்றரிக்கு ஏற்றுவதாக இருந்தால் நானே பக் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நேரடி வழிக்கு ஒரு விலை இருக்கிறது. சாதாரண நாளில் 13 வோல்ட் பற்றரிக்கு 30 அம்பியர் ஏற்றும்போது வயரும் மூட்டும் தின்றது போக மொஸ்ஃபெட்டில் விழுவது அரை வோல்ட், 16 வாட். 12 வோல்ட் பற்றரி என்றால் 46 வாட். 10 வோல்ட்டில் வந்தால் முதல் சில நிமிடம் 106 வாட். இதெல்லாம் விசிறி வைத்து ஆற்றக்கூடிய சூடு. இரண்டு கிளிப்பும் ஒன்றோடொன்று முட்டினால்? 14 வோல்ட்டும் மொஸ்ஃபெட்டின் தலையில்தான். 420 வாட். அவசரத்தில் பற்றரியைப் பிளஸ் மைனஸ் மாறிக் கொளுவினால் சப்ளையும் பற்றரியும் கூடி 27 வோல்ட், 800 வாட் பக்கம். லிமிட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்து, 30 அம்பியரை 30 அம்பியராகவே பிடித்து வைத்து, அதனாலேயே எரிந்து சாகும்.

30 அம்பியர் என்பது ஒரு பொட்டை (திருகினால் தடை மாறும் சாமான்) திருப்பி வைக்கிற எண். அந்த எண்ணைப் பிடித்து வைக்கும்போது சூடு எங்கே போகிறது என்பதற்கு விடை கிடைத்த பிறகுதான் ஈயக்கோலைக் கையில் எடுக்க வேண்டும். நான் இந்தப் பாடத்தைச் சரியான ஒழுங்கில் படிக்கவில்லை.

மேசையில் எரிந்தது

கடையில் ஐஆர்எஃப்3205 மொஸ்ஃபெட் நிறையக் கிடந்தது. 55 வோல்ட், 110 அம்பியர், 8 மில்லிஓம். நாலை ஒன்றாகச் சேர்த்து, எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்லும் கால்களான கேட்டுகளை ஒரே கம்பியில் முடிந்து, இரண்டு வோல்ட்டை ஒப்பிட்டு வெளியீட்டைச் சரிசெய்யும் ஒரு ஒப்-அம்ப்பால் ஓட்டினேன். 20 அம்பியர், 3 வோல்ட். ஒரு நிமிடம் போயிருக்காது, ஒன்று செத்துக் குறுக்கானது (ஷோர்ட்). மற்ற மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். இரண்டு இளஞ்சூடு, ஒன்று குளிர்ந்தே இருந்தது.

மொஸ்ஃபெட்டைச் சேர்த்துப் போட்டால் தாமாகவே பங்கு பிரித்துக்கொள்ளும் என்பது முழுதாகத் திறந்த நிலைக்கு மட்டும் உண்மை. சூடானால் திறந்த தடை கூடும், கரண்ட் மற்றதுக்கு ஓடும். பாதி திறந்த நிலையில் கதை தலைகீழ். அந்த வகையில் கேட்டின் தொடக்க வோல்ட் 2 முதல் 4 வரை எங்கும் இருக்கலாம். ஒரே கேட் வோல்ட்டில் ஒன்று பாதி திறந்திருக்கும், பக்கத்தில் இருப்பது மூடியே கிடக்கும். சூடு ஏற ஏற அந்தத் தொடக்க வோல்ட் இன்னும் இறங்கும். அதனால் சூடானதே மேலும் கரண்டை இழுத்து மேலும் சூடாகும். ஒரு மொஸ்ஃபெட்டின் சில்லுக்குள்ளேயே ஒரு புள்ளி இப்படி ஓடிப்போகும். தரவுத்தாளில் பாதுகாப்பு எல்லைப் படத்தைப் பார்த்தேன். கோடுகள் 10 மில்லிசெக்கனோடு நின்றுவிடுகின்றன. தொடர்ந்து ஓட்டுவதற்கு அதில் கோடே இல்லை. அதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது வடிவத்தில் ஐஆர்எஃப்பி260என் நாலு. 200 வோல்ட், 40 மில்லிஓம், பெரிய உடம்பு, சில்லிலிருந்து உடம்புக்கு ஒரு வாட்டுக்கு அரை பாகை. இதுவும் திறந்து மூடுவதற்கென்று செய்த சாமான்தான். ஆனால் நான் கேட்பது 5 வோல்ட்டுக்குள், ஒன்றுக்கு 38 வாட்டுக்குள். 300 வாட் என்று எழுதியிருக்கும் உடம்பில் எட்டில் ஒரு பங்கு. அந்த அளவுக்குத் துணிந்தேன். நான்குக்கும் கரண்ட் வெளியேறும் காலான சோர்ஸில் அதை அளக்கத் தனித்தனித் தடை, 20 மில்லிஓம் 5 வாட். தனித்தனி ஒப்-அம்ப். ஒரு எல்எம்324-க்குள் நாலும் இருப்பதால் ஒரே ஐசி போதும். ஒவ்வொன்றும் தன் மொஸ்ஃபெட்டுக்கு 7.5 அம்பியர் என்ற கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். தடையில் அப்போது விழுவது 150 மில்லிவோல்ட். எல்எம்324-இன் உள்பிழை 7 மில்லிவோல்ட் வரை போகலாம், அது ஐந்து சதவீதத்துக்குக் கிட்ட. 10 மில்லிஓம் தடை போட்டிருந்தால் பிழை இரட்டிப்பாகும். 50 மில்லிஓம் போட்டிருந்தால் தடையே அடுப்பாகும். 20-இல் நிம்மதி. எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல் டிஎல்431 என்ற ஐசி தரும் மாறாத 2.5 வோல்ட். அதை 10 கிலோஓம் தடையும் 1 கிலோஓம் பத்துச் சுற்றுப் பொட்டும் பிரித்து 150 மில்லிவோல்ட் ஆக்கும்.

முழுவதும் சப்ளையின் மைனஸ் பக்கத்தில் உட்காரும். கேட்டை ஓட்டத் தனி மின்சாரம் தேவையில்லை, எல்எம்324 அந்த 14.4-இலேயே ஓடும். இந்த வசதிக்குள் ஒரு பொறி இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் ஓட்டத்தில் நாலில் ஒன்று 8.1 அம்பியரும் இன்னொன்று 6.6-உம் எடுத்தது. ஒப்-அம்ப்பின் பிழை என்று நினைத்து ஐசியை மாற்றினேன். அதே கதை. அளக்கும் கம்பியை நான் சோர்ஸ் தடையின் காலில் எடுக்காமல், வசதிக்காகச் செப்புப் பட்டையில் எடுத்திருந்தேன். நடுவில் இருந்தது ஒரு விரற்கடைப் பட்டையும் ஒரு ஈயப் பற்றும்தான். 20 மில்லிஓமை அளக்கிற இடத்தில் ஈயப் பற்றின் 2 மில்லிஓம் பத்து சதவீதம். இரண்டு மெல்லிய கம்பியைத் தடையின் இரு காலடியிலும், தடை உடம்பை ஒட்டி, நேராகப் பற்றவைத்தேன். நாலும் 7.3-க்கும் 7.7-க்கும் இடையில் வந்து நின்றன.

அப்புறம் ஆட்டம். கிளாம்ப் மீற்றர் அசையாமல் 30 காட்டியது. சந்தேகத்துக்கு ஒசிலோஸ்கோப்பை வைத்தால் கேட் வோல்ட் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தது. இந்த மொஸ்ஃபெட்டின் கேட் 4000 பிக்கோபராட் கொள்ளளவு கொண்டது, எல்எம்324 போன்ற மெதுவான ஒப்-அம்ப்புக்கு அது பாரம். கேட்டுக்கு முன்னால் 100 ஓம், ஒப்-அம்ப்பின் வெளியீட்டிலிருந்து அதன் மறை உள்ளீட்டுக்கு 1 நானோபராட், அந்த உள்ளீட்டுக்கும் சோர்ஸ் தடைக்கும் நடுவில் 10 கிலோஓம். கோடு நேரானது.

குறுக்கானால் யார் காப்பது

420 வாட்டுக்கும் 800 வாட்டுக்கும் ஒரே மருந்து. மொஸ்ஃபெட்டின் மேல் 5 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அது பற்றரியாக இருக்க முடியாது. இறங்கி முடிந்த பற்றரியே 4.4-க்கு மேல் போகாது. வோல்ட்டை ஒப்பிடும் ஐசியான எல்எம்393 ஒன்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். 5 வோல்ட்டைத் தாண்டி 5 மில்லிசெக்கன் நின்றால் அளவுகோலைப் பூச்சியமாக்கி எல்லாவற்றையும் மூடும். கிளிப் முட்டினாலும், பற்றரி மாறினாலும் அதே வெட்டு. 200 வோல்ட் மொஸ்ஃபெட் எடுத்தது 27 வோல்ட்டையும், 8 மீற்றர் வயரைச் சட்டென்று வெட்டும்போது எழும்பும் துள்ளலையும் தாங்கத்தான். பற்றரிப் பக்கம் 40 அம்பியர் பியூஸ் ஒன்றும் உண்டு. இலத்திரனியல் எல்லாம் தோற்றாலும் அது நிற்கும்.

இதை வைத்ததும் புதுச் சிக்கல். பிஎம்எஸ் வெட்டிக்கொண்டு வந்த பற்றரி வெளியே பூச்சியம் வோல்ட் காட்டும். லிமிட்டருக்கு அதுவும் ஒரு குறுக்குத்தான். திறக்க மறுக்கும். திறக்காவிட்டால் பிஎம்எஸ் விழிக்காது. மொஸ்ஃபெட்டுகளுக்குக் குறுக்காக 47 ஓம், 10 வாட் தடை ஒன்று போட்டேன். அப்படி வந்த பற்றரிக்கு அதனூடாக 0.3 அம்பியர் கசியும். பிஎம்எஸ் அந்தக் கசிவைக் கண்டு திறந்ததும் வோல்ட் வித்தியாசம் 5-க்குக் கீழே வரும், எல்எம்393 விலகும், 30 அம்பியர் தொடங்கும். உண்மையான குறுக்கில் அந்தத் தடையில் நாலரை வாட்தான், மணிக்கணக்கில் நிற்கலாம். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த சாமான் அந்த ஒரு தடைதான்.

கொட்டிலில் நடந்தது

ஆனி மாதம், கச்சான் காற்று வீசத் தொடங்கிய நேரம். உள்ளே 36 பாகை. மேசையில் 30 அம்பியர் சுத்தமாக நின்ற லிமிட்டரைக் கொட்டிலில் கொளுவினால் கிளாம்ப் மீற்றர் 47 காட்டியது. பொட்டைத் திருப்பினேன், அசையவில்லை. முழுதாகக் குறைத்தேன். அதே 47.

நாலு சோர்ஸ் தடையிலும் அளந்தால் பூச்சியம். மொஸ்ஃபெட்டுகள் ஒழுங்காக மூடிக் கிடக்கின்றன, ஆனால் 47 அம்பியர் ஓடுகிறது. எங்கால்? பெட்டியைச் சுற்றிக் கையை வைத்துப் பார்த்தேன். எஸ்எம்பிஎஸ்ஸின் எர்த் முனையிலிருந்து மைனஸ் முனைக்குப் போன பச்சை மஞ்சள் வயர்த் துண்டு கையில் வைக்க ஏலாத சூடு.

இதுதான் முன்னால் சொன்ன பொறி. மொஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு ட்ரெயின், கரண்ட் உள்ளே வரும் பக்கம். மைனஸ் பக்கத்தில் லிமிட்டரை வைத்தால் அந்தத் தகடு பற்றரியின் மைனஸ். தகட்டுக்கும் சூட்டை ஆற்றும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்கா வைத்திருந்தேன். மேசையில் ஹீட்சிங்க் மரப்பலகையில் இருந்தது. இங்கே இரும்புப் பெட்டியில் முடுக்கியிருந்தேன். ஒரு துளையின் விளிம்பில் துளைப்பானின் பிசிறு மயிரிழை அளவுக்கு நின்று, முடுக்கும்போது மைக்காவைக் குத்திவிட்டது. பற்றரி மைனஸ், ஹீட்சிங்க், பெட்டி, எர்த், அந்த முன்பு யாரோ போட்ட வயர்த் துண்டு, சப்ளை மைனஸ். லிமிட்டரைச் சுற்றி அழகான புறவழிச்சாலை.

நாலு துளையையும் பெரிய துளைப்பானைக் கையால் சுழற்றி விளிம்பு வழித்தேன். புது மைக்கா. ஒவ்வொரு தகட்டுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே மீற்றரில் தொடர்பு இல்லை என்று பார்த்த பின்தான் அடுத்த ஆணி. ஹீட்சிங்க்கையும் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் கால்களில் தூக்கி வைத்தேன். பச்சை மஞ்சள் துண்டைக் கழற்றினேன். பெட்டியின் எர்த் அப்படியே இருக்கிறது, மைனஸ் மட்டும் இப்போது அதோடு சேரவில்லை. இந்த மூன்றில் ஒன்று போதும், ஆனால் ஈரமணலில் வெறுங்காலோடு ஆட்கள் நடக்கும் இடத்தில் நான் ஒன்றோடு நிறுத்தமாட்டேன்.

அன்றைக்கே கரண்ட் போனது. மெயின் இல்லை, ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மொஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே, ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் ஒரு டயோட் இருக்கிறது. சார்ஜ் ஏறும் திசையை நம்மால் மூட முடியும், திரும்பும் திசையை மூட முடியாது. பற்றரி அதனூடாகச் சப்ளைக்குத் திரும்பிப் பால் ஊட்டிக்கொண்டிருந்தது. சொட்க்கி டயோட் போட்டால் அரை வோல்ட் போகும், அதை ஈடுகட்டச் சப்ளையை உயர்த்தினால் கடைசியில் கரண்ட் குறையும்போது பற்றரிக்கு வோல்ட் கூடிவிடும். அதனால் பிளஸ் வயரில் 80 அம்பியர் வாகன ரிலே. அதன் சுருளுக்கு மெயினில் செருகிய சின்ன 12 வோல்ட் அடப்டர். மெயின் போனால் ரிலே விழும், பற்றரி தனியாகும்.

இரண்டாவது லிமிட்டரை இரண்டு நாளில் கட்டினேன், முதலாவதுக்கு மூன்று வாரம் போனது. இரண்டும் சேர்ந்து இப்போது 59 அம்பியர் எடுக்கின்றன, பெட்டி மடங்குவதில்லை. 10.4 வோல்ட்டில் வந்த பற்றரி ஒன்றை ஏற்றும்போது ஹீட்சிங்க் 61 பாகைக்குப் போய், கால் மணிக்குள் 45-க்கு இறங்கியது. ஓய்வில் 13.1 வோல்ட் காட்டும் அளவுக்குப் பற்றரி ஏறியதும் மொஸ்ஃபெட்டுகள் முழுதாகத் திறக்கின்றன. அதற்குப் பிறகு லிமிட்டருக்கு வேலை இல்லை, கரண்ட் தானாக இறங்கும். மூன்றரை மணியில் பற்றரி நிறையும்.

போன கிழமை அண்ணன் வந்து மூன்றாவது வள்ளம் எடுக்கப் போவதாகச் சொன்னார். 65 அம்பியர் பெட்டியில் மூன்று 30 ஏறாது. மூன்று பொட்டையும் 100 மில்லிவோல்ட்டுக்கு இறக்கினால் ஒன்றுக்கு 20 அம்பியர், மொத்தம் 60. ஒரு பற்றரிக்கு ஐந்து மணி. காலை பத்துக்குக் கொளுவினால் பின்னேரம் மூன்று மணிக்கு எடுக்கலாம். மூன்றாவதுக்கு மைக்கா வெட்டி வைத்திருக்கிறேன்.